ஸ்ரீலட்சுமி சிஸ்டரும் இரண்டாவது முடிச்சும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். ஸ்ரீலட்சுமி சிஸ்டர் கேட்பது வேறு. "வெளிக்குப் போனீங்களா?" மேலூரில் ஒரு ரிட்டயர்டு தாசில்தாரிடம், வீடு நிறைய சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவோடு காத்திருந்தவர்! சிரிக்காதீர்கள். அவனியாபுரத்தில் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியது இந்தக் கேள்விதான்.

சிஸ்டருக்கு நாற்பத்தேழு வயது. முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். பத்தொன்பது வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, இப்போது ஒரு சின்ன வலி நிவாரண மையத்தில் வீட்டு நர்ஸ். புற்றுநோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. காலையில் திருமங்கலம், மத்தியானம் மேலூர், எல்லாம் ஸ்கூட்டரில்தான்.

"நீ நர்ஸா, கூரியரா?" என்று அண்ணன் சௌரிராஜன் கிண்டல் செய்வார்.

"கூரியர்காரனுக்கு எவனாச்சும் காபி குடுப்பானா? எனக்கு எட்டு வீட்ல குடுக்குறாங்க!"

சிரித்துக்கொண்டே சொன்னாலும், இந்த வேலைக்கு அவர் வந்த கதையில் சிரிப்பு இல்லை. அப்பாவுக்கு எலும்பு வரை நோய் பரவியிருந்தபோது டாக்டர் மார்ஃபின் எழுதினார். அபினிலிருந்து வருகிற மருந்து. "வேண்டாம் சார், அடிமையாயிடுவாரு" என்று தடுத்தது வேறு யாரும் இல்லை, ஐ.சி.யூ. நர்ஸான இதே ஸ்ரீலட்சுமிதான். அப்பா பதினோரு நாள் கத்திவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு அந்த மருந்தை ஆதியோடந்தமாகப் படித்தார். எங்கே அது வரம், எங்கே அது கொல்லும், இரண்டையும்.

இனி மலைச்சாமி.

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், ஐம்பத்திரண்டு வயது. நுரையீரலில் தொடங்கிய நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. படுத்தால் உயிர் போகிற வலி. அதனால் வாசலில் நிற்கும் தன் ஆட்டோவின் பின்சீட்டிலேயே, கம்பியைப் பிடித்தபடி இரண்டு மாதமாக உட்கார்ந்தே இருந்தார். தூக்கமும் அங்கேயேதான்.

மையத்தின் டாக்டர் ராஜகுரு மார்ஃபின் மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மனைவி முத்துத்தாய் அலாரம் வைத்துக் கொடுத்தார். வலி குறையவில்லை. அடுத்த வாரம் வேளைக்கு இரண்டானது. குறையவில்லை. மூன்றாம் வாரம் மூன்று. அப்போதும் மலைச்சாமி அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார்.

நான்காம் முறை சிஸ்டர் போனபோது, வேளைக்கு நான்காக்கலாமா என்று டாக்டரைக் கேட்கும் யோசனையோடுதான் போனார். போனதும் வழக்கமான கேள்வி.

"அண்ணே, வெளிக்குப் போனீங்களா?"

"அதுல ஒரு கொறையும் இல்ல சிஸ்டர். காலையில ஆறு மணிக்கு டாண்ணு."

"பேதி மாத்திரை எத்தன போடுறீங்க?"

"அது எதுக்கு? பிரிக்கவே இல்ல."

சிஸ்டரின் பேனா நின்றுவிட்டது. மார்ஃபின் உள்ளே போனால் குடல் மந்தமாகிவிடும். கூடவே பேதி மாத்திரை போடாவிட்டால் மூன்றாம் நாளே "சிஸ்டர், ஏதாச்சும் பண்ணுங்க" என்று போன் வரும். இந்த மனிதருக்கோ ஆறு மணிக்கு டாண்! செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். மார்ஃபின் உள்ளே இருந்தால் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும். இவருக்கோ முதலில் அகலமாக இருந்து, வெளிச்சம் பட்ட பிறகுதான் சுருங்கியது.

"அண்ணே, மாத்திரையெல்லாம் எங்க?"

முத்துத்தாய் பொங்கிவிட்டார். "என்ன சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க? ஒரு வேள விடாம என் கையால குடுத்திருக்கேன். தண்ணியும் நாந்தான் குடுத்தேன்!"

மலைச்சாமி வீட்டுக்குள் இருந்த சாமி அலமாரியை மட்டும் பார்த்தார். சிஸ்டர் போய்த் திருநீற்று டப்பாவைத் திறந்தார். பழைய பிஸ்கட் டப்பா அது. மேலே ஒரு விரல் ஆழத்துக்குத் திருநீறு. கையை விட்டால், கீழே முழுக்க மாத்திரை! மூன்று வாரத்து மாத்திரை!

"அடப்பாவி மனுசா!" என்று முத்துத்தாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஆர்த்திகா தெனம் இதுலதான கைய விட்டுத் திருநீறு அள்ளித் திங்குறா!"

ஆர்த்திகா பேத்தி. நாலு வயது. அந்த மாத்திரையில் ஒன்று அவள் வாய்க்குப் போயிருந்தால்?

மலைச்சாமி அப்போதுதான் வலது மணிக்கட்டைக் காட்டினார். கருத்துப்போன ஒரு கயிறு. "ஆறு வருசம் ஆச்சு சிஸ்டர். குடிச்சுட்டு வந்து இவ கைய ஒடிச்சவன் நான். திருமங்கலத்துக்கு அங்கிட்டு எங்க கருப்பசாமி கோயில்ல சத்தியம் பண்ணிக் கயிறு கட்டுனேன். போதைன்னு எதையும் தொடமாட்டேன்னு. இது அபினாம்ல? நெட்ல பாத்தேன்."

"அப்ப எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? டப்பாவுல எதுக்குப் போட்டீங்க?"

"வெயில்ல அலைஞ்சு இவ வாங்கியாந்தது. தூக்கிப்போட மனசு வரல. நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சு, சாமி கும்புடப் போறப்ப சாமிகிட்டயே குடுத்துட்டேன்."

வலி தாங்காமல் ஒருநாள் இவர் மனம் மாறி, பழக்கமே இல்லாத உடம்பில் மூன்று மாத்திரையை மொத்தமாக விழுங்கியிருந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போயிருக்கலாம். சிஸ்டர் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார். "பழைய கணக்கெல்லாம் கேன்சல். திரும்ப அடியிலேருந்து. பாதி மாத்திரை" என்றார் ராஜகுரு.

"பாதின்னாலும் சத்தியம் சத்தியந்தானே சிஸ்டர்" என்றார் மலைச்சாமி. வேறு யாராக இருந்தாலும் "இதெல்லாம் போதையே இல்லண்ணே" என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயில் போட்டிருப்பார்கள். சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? டப்பா மாத்திரைகளை எண்ணி, உறையில் போட்டு ஒட்டி, மையத்தில் ஒப்படைக்க எடுத்துக்கொண்டார். நேரே ஸ்கூட்டரைக் கோயிலுக்கு விட்டார்!

பூசாரி விருமாண்டி வேப்பமரத்தடியில் சிலிண்டர்க்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் சண்டையை விட்டுவிட்டு வந்தார்.

"இதுல போதை இருக்கா, இல்லையா? நேராச் சொல்லு தாயி."

"இருக்குங்கய்யா. மொத ரெண்டு நாள் கெறக்கமா இருக்கும். இஷ்டத்துக்குத் தின்னா அடிமையாக்கும், ஆளையே கொல்லும். ஆனா டாக்டர் எழுதுன அளவுல, இவரு மாதிரி வலி இருக்குறவங்களுக்கு, வலியத்தான் அது திங்கும். குடிச்சவன்னு தெரிஞ்சதால நாங்க இன்னும் கவனமா குடுப்போம். மருந்துப் பெட்டி சாவி முத்துத்தாய் அக்காகிட்ட இருக்கும், எண்ணிக்கை என்கிட்ட."

"இதத் தின்னுட்டுப் பொண்டாட்டிய அடிப்பானா?"

"படுத்துத் தூங்குவாருங்கய்யா. ரெண்டு மாசமா அவரு படுக்கவே இல்ல."

பூசாரி கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். கருப்பசாமி முன்னால் போய் நின்று முனகிவிட்டுத் திரும்பினார். "போனப் போட்டுக் குடு."

ஸ்பீக்கரில் மலைச்சாமியின் குரல் கேட்டதும் பூசாரி கத்திய கத்தலில் சிலிண்டர்க்காரன் திரும்பிப் பார்த்தான். "ஏலே மலைச்சாமி! கயித்த அவுக்க வேணாம். அதுலயே உன் பொண்டாட்டிய இன்னொரு முடிச்சுப் போடச் சொல்லு. எழுதுனதுக்கு மேல ஒண்ணு தின்னாலும் சாமி குத்தம். எழுதுனதத் திங்காம ஒளிச்சு வச்சாலும் சாமி குத்தம். கேக்குதா? டப்பாவுலயா வைக்கிற, எங்க அய்யாவ என்ன மெடிக்கல் ஸ்டோருன்னு நெனச்சியா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு, "சரிங்க சாமி." அழுகிறாரா சிரிக்கிறாரா, தெரியவில்லை.

அன்று சாயங்காலம் முத்துத்தாய் அந்தக் கயிற்றில் இரண்டாவது முடிச்சைப் போட்டார். ஆறு வருடத்துக்கு முன் ஒடிந்து, கொஞ்சம் கோணலாகவே ஒட்டிய கையால். சிஸ்டர் பாதி மாத்திரையைக் கொடுத்தார். மலைச்சாமி விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி!

அந்தப் பாதி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். டாக்டர் தினமும் போனில் கேட்டுக் கேட்டு, சிட்டிகை சிட்டிகையாக ஏற்றினார். பேதி மாத்திரையும் சேர்ந்து போனது. முத்துத்தாய் ஒவ்வொரு வேளையும் நோட்டில் கோடு போட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு சிஸ்டர் போனபோது ஆட்டோ காலி. உள்ளே ஓடினால், தரையில் விரித்த பாயில், காலை முழுசாக நீட்டி மலைச்சாமி கிடந்தார். பக்கத்தில் முத்துத்தாய் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே வரல சிஸ்டர். எழுப்பவும் பயமா இருக்கு. ஏதும் கூடிப்போச்சா?"

சிஸ்டர் மண்டியிட்டு, கடிகாரத்தைப் பிடித்தபடி மலைச்சாமியின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். ஒரு முழு நிமிடம். முத்துத்தாய் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு மூச்சு, சரியாத்தான் இருக்கு" என்றார் சிஸ்டர். தோளைத் தொட்டார். மலைச்சாமி ஒரு கண்ணைத் திறந்து, "என்னா?" என்று எரிச்சலோடு கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். திரும்பி! படுத்தார்!

"ஒண்ணும் இல்லக்கா. தூங்குறாரு. விடுங்க."

முத்துத்தாய் வாசலுக்கு ஓடினார். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு வந்தாள். "சத்தம் போடாதக்கா!" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தினார் முத்துத்தாய். "எங்க வீட்டுக்காரரு படுத்துத் தூங்குறாருக்கா!"