நெற்றியில் இருந்த கண்ணாடி

கண் வார்டில் ராத்திரி வேலை பார்ப்பவனுக்கு ஒரு தனிக் கஷ்டம்: கட்டுப் போட்டவர் தூங்குகிறாரா, சும்மா படுத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. செங்கல்பட்டில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக வார்டு உதவியாளனாக இருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தைக் கேஸ் ஷீட்டுகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன். ஊர் தூங்கும்போது விழித்திருந்து பிழைப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

முதல் கேள்வி

தேவராஜ் மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் பிள்ளையார் செதுக்குவார். கருங்கல் சில்லு தெறித்து இடது கண் கிழிந்துவிட்டது. தைத்தார்கள்; டார்ச் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

வார்டு பாரத்தில் ஒரு கேள்வி உண்டு: பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாரா? கேட்டேன். அவர் மனைவி மேரி தரையைப் பார்த்தார்.

“போட்டுகினுதான் இருந்தேன் அண்ணாத்த,” என்றார் தேவராஜ். “நெத்தில.”

கையெழுத்து

டாக்டரம்மா நேராகச் சொல்லிவிட்டார். செத்த கண்ணை உள்ளேயே விட்டால், அபூர்வமாக நல்ல கண்ணும் அழற்சி கண்டு பார்வை போகலாம். இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. தேவராஜ் மறுத்தார். “தெரியாட்டி போவுது, இருந்துட்டுப் போட்டும். அது இன்னா சோறா கேக்குது?” மூன்று நாள் இதே பேச்சு. டூட்டிக்கு வந்ததும் ஆபரேஷன் சம்மதத் தாளை நீட்டுவேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மேரி அதே பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். நாலாம் நாள் சாயங்காலம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்: “ஒரு பக்கம் விரிசல் உட்ட கல்லு வருது. இன்னா பண்ணுவ?”

“அந்தப் பக்கத்த வெட்டி எடுத்துடுவேன்.”

“எடுக்காம உட்டா?”

“விரிசல் நல்ல பக்கத்துக்கும் ஓடும்.”

சொல்லிவிட்டு அவரே பேனாவுக்குக் கை நீட்டினார். பேனா தாளுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றது. ஒற்றைக் கண்ணுக்கு முதலில் தூரம் பிடிபடாது.

“கோடு எங்க கீது, வெரல வச்சிக் காட்டு.”

அம்பு

எடுக்க வேண்டிய கண்ணுக்கு மேல், நெற்றியில் டாக்டரம்மா பேனாவால் ஒரு அம்பு போடுவார். அது வியர்வையில் அழியாமல் இருக்கிறதா என்று விடிந்ததும் பார்த்து சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். தேவராஜ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை பார்க்க வைத்தார். மூன்று முறையும் இடது என்றேன். நான் அலுத்துக்கொண்டது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நாங்க காவில கோடு போட்டுத்தான் உளி வைப்போம். தப்பா வெட்டுனா வேற கல்லு வாங்கிக்கலாம். நீ இன்னொருக்கா பாரு.”

வேறு பட்டறை

கண்ணை எடுத்து, அந்த இடத்தில் ஒரு உருண்டை வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அதன்மேல் செயற்கைக் கண் பொருத்தினார்கள். அன்று காலை ஷிப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. போனாலும் தூக்கம் வராது. டாக்டரம்மா வலது கண்ணைச் சோதித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். மேரி அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

தேவராஜ் சுவர்க் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

“எந்தப் பட்டறை வேல இது? கருவிழி ஒரு நூல் ஏறிக் கீது. கழட்டிக் குடு, நான் எறக்கித் தரேன்.”

போன வாரம்

வேலைக்குத் திரும்பியபின் ஒரு காலையில் பரிசோதனைக்கு வந்தார். வலது கண் நன்றாக இருந்தது. ஒற்றைக் கண்ணில் வேலை ஓடுகிறதா என்று கேட்டேன். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க எப்படியும் ஒரு கண்ணை மூடத்தான் வேண்டும், அந்த வேலை மிச்சம் என்றார். பட்டறையிலிருந்து மேரியோடு நேரே பைக்கில் வந்திருந்தார்; தலைமயிரெல்லாம் கல்தூசி. புதுப் பாதுகாப்புக் கண்ணாடி பளபளவென்று நெற்றியில் இருந்தது.

மேரி எட்டி அதைக் கீழே இழுத்துவிட்டார்.

“இத நெத்திக்கா வாங்கிக் குடுத்தேன்?”

நெற்றிக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று விரல் தூரம்தான். ஒரு கண்ணைப் பறிகொடுத்தும் அந்தத் தூரத்தைக் கடக்காதவர்களையே இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.