மறியல் வாசலில் பொங்கல்

எங்கள் வீட்டில் யாரையும் நம்பும் பழக்கம் இருக்கவில்லை. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் விஞ்சு இயக்கியவர். வீடு வீடாகப் பாண் விற்கிறவன் ஒரு நாள் பிந்தி வந்தால், எங்கே நின்று யாரோடு கதைத்துவிட்டு வருகிறான் என்று யோசிப்பார். அவசரகாலச் சட்டம் இருந்த காலம்; யோசிக்காதவன்தான் விசரன் என்பார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அப்பாவின் தங்கச்சி, என் மாமி, எங்களோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு பையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். பொழுதுபட முன் பையில் அரிசியோடு வருவார். கேட்டால், அம்மனுக்குப் பொங்கப் பிடியரிசி சேர்க்கிறோம் என்பார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கோவிலுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் அது திருவிழாக் காலம் இல்லை. மாமி கோவில் வாசலை மிதித்ததும் குறைவு. யாரோ பெடியன் இருக்கிறான் என்று அப்பா முடிவெடுத்தார். அடுத்த வெள்ளி, போய்ப் பார்த்துவந்து சொல்லச் சொல்லி என்னையும் கூட அனுப்பினார்.

பயந்த பிள்ளைகளுக்குக் காது கூர்மை. ஒவ்வொரு வீட்டிலும் குசினிக்குள், அடுப்படியில், கதை தொடங்கியதும், கோழிக்குஞ்சு பார்க்கச் சொல்லி என்னை வெளியே விடுவார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். கதை முழுக்க, ஊரில் தையல் பழக்கிய ரீச்சரைப் பற்றியது. உப்பளத்தில் உப்புச் சுமக்கிற பெண்களுக்கு ஆண்களின் கூலியில் பாதிதான். முழுக்கூலி கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரீச்சர். அதற்காக அவரையும், சுவரில் நோட்டீஸ் ஒட்டிய இரண்டு பெடியன்களையும் பிடித்து மறியலில் போட்டிருந்தார்கள்; சிறைக்கு எங்கள் பக்கத்தில் மறியல் என்றுதான் பேர். வழக்கும் இல்லை, கோட்டுத் தவணையும் இல்லை. அவர்களை விடச் சொல்லி மறியல் வாசலிலேயே பொங்கப் போகிறார்களாம். கூட்டம் கூடினால் பிடிப்பார்கள். அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்றால் பொலிஸும் கொஞ்சம் யோசிக்கும்.

வரும் வழியில் மாமியிடம், அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"பெட்டிசத்தில பேர் எழுதவேணும். பேரைப் பார்த்து வீட்டுக்கு வருவாங்கள்" என்றார். "அரிசியில ஆரின்ர பேரும் இல்லையடி."

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெடியன் இல்லை என்றதும் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்தவர் எழும்பிவிட்டார்.

"பெடியன் எண்டால் கட்டிக் குடுத்திட்டு இருக்கலாம். இதுக்கு நான் என்ன செய்யிறது?"

துறைமுகத்தில் அப்போதுதான் ஒருவரை, அவருடைய தம்பி ஏதோ கூட்டத்துக்குப் போனான் என்று வேலையால் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவின் சம்பளத்தில்தான் நாங்கள் எல்லோரும், மாமியும் சேர்த்து, சாப்பிட்டோம். மாமியைத் தடுத்தாலும் நிற்கமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆகவே, எங்கள் வீட்டு அரிசி ஒரு மணியும் அந்தப் பானைக்குள் விழக்கூடாது என்று மட்டும் சொன்னார். அம்மா பெரிதாகத் தலையாட்டினார். பொங்கல் நாள் காலையில், மாமி புறப்படும்போது, பையை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அம்மாவும் எங்களைப் போலத்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. காவலுக்கு நானும் மாமியோடு போனேன்.

மறியல் மதிலோரம் கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். உப்பளத்து முஸ்லிம் அக்கா ஒருவர் தலையில் விறகோடு வந்தார். "எனக்கு உங்கட பொங்கல் சாப்பிட ஏலாது, எரிக்க ஏலும்" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு, சேர்த்த அரிசியைச் சுளகில் கொட்டினார்கள். எல்லாம் அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கிற அரிசி, வெள்ளை. நடுவிலே ஒரு பிடி சிவப்பு.

எங்கள் பக்கத்தில் சிவப்பு நாட்டரிசி சாப்பிடுகிற வீடு எங்களுடையது மட்டும். அம்மாவின் தமையன் கிளிவெட்டி வயலில் இருந்து அனுப்புவது. மற்றவர்களின் அரிசிக்குப் பேர் இல்லை. எங்களுடையதற்கு இருந்தது. மாமியைப் பார்த்தேன். சுளகைப் பார்த்தபடி முகம் வெளிறிப்போய் நின்றார். கள்ளி, நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார், கூட ஒரு தமிழ்ப் பொலிஸ்காரர். இன்ஸ்பெக்டர் சப்பாத்தோடு அடுப்படிக்கு வந்துவிட்டார். பெண்கள் எல்லோரும் அவருடைய காலையே பார்த்தார்கள். அவர் மெல்லப் பின்னுக்குப் போய் நின்றுகொண்டு, யாருடைய நேர்த்தி என்று பொலிஸ்காரரைக் கொண்டு கேட்பித்தார். ஒருத்தி குனிந்து அடுப்பை ஊதினாள். பொலிஸ்காரர் குனிந்து சுளகைப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பரிசி ஆரின்ர வீட்டு?"

துறைமுக வாசலில் அப்பாவைத் திருப்பி அனுப்புவது என் கண்ணுக்குள் தெரிந்தது. மாமி வாய் திறக்கப் போனார். அதற்குள் மீன் விற்கிற கிழவி, "என்ர" என்றார். உப்பளத்துப் பெண் ஒருத்தி, அது தன்னுடையது என்றார். விறகு கொண்டுவந்த அக்கா, "என்ரயும் அதுக்குள்ள கிடக்கு, ஐயா" என்றார்.

பொலிஸ்காரர் இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, பொங்கி முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெண்கள் சரி என்றார்கள். பிறகு அடுப்புக்குள் ஒவ்வொரு சுள்ளியாக வைத்து, வெயில் சாயும்வரை பொங்கினார்கள். பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் குரவையிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் தனியாகத் திருப்பிக் குரவையிட்டது. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று அப்பா வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த முன்னமே அம்மாவிடம், எங்கள் அரிசி போனதா என்று கேட்டார்.

"அரிசிப் பானையை என்னைத் தவிர ஒருத்தரும் தொடேல்ல" என்றார் அம்மா.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு கவனமாக இருந்தும் மாமி ஏமாற்றிவிட்டாரே. சொன்னால் வீடு இரண்டுபடும் என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

மாரி மழைக்கு முந்தி ரீச்சரை விட்டார்கள். பொங்கலால் விட்டார்களோ வேறு எதனாலோ, ஒருவரும் சொல்லவில்லை. பெடியன்களை விடவில்லை. மாமி மறுபடி பையைத் தூக்கினார்.

கிளிவெட்டியில் இருந்து மூட்டை வந்ததும் அம்மாவுக்கு ஒரு புதுப் புத்தி பிடித்தது. நாட்டரிசி வயிற்றுக்குச் சூடு என்று சொல்லி, அதை அயல் வீடுகளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கூப்பன் அரிசி வாங்கினார். அப்பா சோற்றைப் பிசைந்து பார்த்து முறைத்தார். நான் பிறகு ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான். ஆனாலும் அந்த மாற்றில் யாருக்கு நட்டம் என்று அந்த வயதிலேயே தெரிந்தது. மீன் விற்கிற கிழவியின் வீட்டிலும் உப்பளத்துப் பெண்களின் வீடுகளிலும் எங்கள் சிவப்பரிசி வேகிறது; மாமியின் பையில் யார் போடுகிற பிடியிலும் இப்போது சிவப்பு. நானோ குசினி வாசலில் இருந்து அவர்களுடைய அரிசியில் கல் பொறுக்குகிறேன். அம்மா ஒரு அப்பாவி, ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரை ஏய்க்கிறார்கள் என்று எனக்கு அவர்கள்மேல் சரியான கோபம்.