கோகிலாம்பாளின் தீப்பெட்டி

ஏம்பலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக, கோகிலாம்பாளுக்கு இரண்டு துண்டு நிலம். இரண்டிலும் கரும்பு. புருஷன் போய்ப் பதினாறு வருஷமாகிறது. அன்றிலிருந்து நிலம், மோட்டார், சர்க்கரை ஆலைக் கணக்கு எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள். உரமூட்டையைத் தூக்கிவிட யாராவது கிட்டே வந்தால், "ஏன், என் கைக்கி இன்னா ஆச்சி?" என்பாள். ஒருத்தரிடம் உதவி வாங்கிவிட்டால் அப்புறம் அவரைத் திட்ட முடியாதே, அதனால்தான் வாங்குவதில்லை என்பது ஊரார் கணிப்பு. பக்கத்து நிலத்துக் குழந்தைவேல் அவள் வரப்பில் கால் வைத்தால் போதும், அவனுடைய பாட்டன் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான்.

இந்த வருஷம் பங்குனியில் அவளுடைய கிழக்குத் துண்டை வெட்டி ஆலைக்கு அனுப்பியாயிற்று. மேற்குத் துண்டு ஆலையின் கட்டிங் ஆர்டருக்காகக் காத்து நின்றது. அதற்கும் மேற்கே குழந்தைவேலின் கரும்பு. அதற்கப்பால் ஊரார் எல்லாருடைய கரும்பும் முப்பது காணிக்கு இடைவெளியில்லாமல் போய், தெருவில் முடிகிறது. வெட்டிய துண்டில் சோகை, கழித்துப் போட்ட காய்ந்த தோகை, முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. சோகையைக் கொளுத்துவது இங்கே எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் அதற்கு நேரங்காலம் உண்டு. காலையில் மேல்காற்று வீசும். பதினோரு மணி சுமாருக்குக் கடற்காற்று கிளம்பி எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடும். அதனால் விடியலிலேயே கொளுத்தி முடிப்பார்கள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து காற்று அடங்கட்டும் என்று இருப்பார்கள்.

கோகிலாம்பாள் பத்து மணிக்குக் கொளுத்தினாள். பன்னிரண்டு மணிக்கு மோட்டாருக்குக் கரண்ட் வரும், அதற்குள் எரித்துவிட்டால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிற கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடலாம் என்ற அவசரம். மேல்காற்று தீயைக் கிழக்கே வாய்க்கால் பக்கம் ஒழுங்காகத்தான் தள்ளிக்கொண்டு போனது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள். கடற்காற்று அன்றைக்கு அரைமணி முன்னாலேயே வந்துவிட்டது.

தீ அப்படியே திரும்பி, நிற்கிற கரும்புக்குள் ஏறியது. படபடவென்று வெடிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மோட்டார் கொட்டகையின் கீற்றுக்கூரை கண்ணெதிரே சரிந்தது. கோகிலாம்பாள் முந்தானையால் அடித்துப் பார்த்தாள், மண்ணை வாரி இறைத்துப் பார்த்தாள், கடைசியில் அலறினாள். முதலில் ஓடி வந்தவர்கள் கரும்பு வெட்டுகிற கூட்டத்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பன்னிரண்டு பேர், மேஸ்திரி இருசப்பன். பின்னாலேயே குழந்தைவேலும் ஊராரும் வந்தார்கள். "எப்டி புடிச்சிச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

பதினாறு வருஷமாக யாருக்கும் பயப்படாதவளுக்கு அந்த நிமிஷம் பயம் வந்துவிட்டது. "எவனோ பீடியப் போட்டுட்டுப் பூட்டான்! காலைல இந்த வழியாதான் இவனுங்க தண்ணிக்குப் போனானுங்க!" என்று வெட்டுக்காரர்களைக் கையைக் காட்டிவிட்டாள்.

எல்லார் பார்வையும் கூட்டத்தார் மேல் திரும்பியது. இருசப்பன் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தான். "தீ அப்பால போவக் கூடாது. குறுக்கால வெட்டி எடம் வுடணும். எங்க வெட்டறது?" என்று மட்டும் கேட்டான்.

எங்கே என்றால், யாருடைய கரும்பை என்று அர்த்தம். குழந்தைவேல், "என்னுதுலதான். வேற எங்க?" என்றான். தன் வயலின் கிழக்கு விளிம்பைக் காட்டிவிட்டு டிராக்டருக்கு ஓடினான். சற்று முன் பழி சுமந்த பன்னிரண்டு பேரும் வரிசையாக இறங்கி வெட்டினார்கள். வெட்டியதை அள்ள நேரமில்லை. குழந்தைவேல் டிராக்டரில் மாட்டிய, மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரை அதன்மேலேயே விட்டான். கரும்பும் அடிக்கட்டையும் மண்ணோடு போயின. அவன் மனைவி வெண்ணிலா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பூச்சிமருந்து அடிக்கிற டேங்கில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு, அந்த வெறும் மண்ணைத் தாண்டி விழுகிற பொறியையெல்லாம் அணைத்துக்கொண்டே நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்து ரோட்டோரமாக நின்று தண்ணீர் அடித்தபோது, தீ குழந்தைவேலின் வெறும் மண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டிருந்தது. முப்பது காணியும் தெருவும் தப்பின.

கோகிலாம்பாளின் கரும்பில் வடக்கு மூலையில் நாலு வரிசை மட்டும் பச்சையாக மிஞ்சியது. மற்றதெல்லாம் தோகை எரிந்து, கரிக்கம்பாக நின்றது. தீ பட்ட கரும்பை மூன்று நாளுக்குள் வெட்டி ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். தள்ளிப்போனால் சாறு புளித்துவிடும், ஆலையில் வாங்கமாட்டார்கள். ஊரில் இருந்ததோ ஒரே வெட்டுக் கூட்டம். மறுநாள் அவர்கள் வெட்ட வேண்டியது குழந்தைவேலின் வயல். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

அவளாக வாயைத் திறந்து கேட்டிருக்கவே மாட்டாள். கேட்கிற பழக்கமும் இல்லை, கேட்கிற முகமும் இல்லை. குழந்தைவேல்தான் கையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் சொன்னான்: "நாளைக்கு என்னுது வாணாம். யக்காவுத வெட்டுங்க."

பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. ஆலைக்காரரிடம் அவர்களே போய் ஆர்டரை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கூட்டத்தார் கரிக்காட்டுக்குள் இறங்கினார்கள். தீ பட்ட கரும்பை வெட்டுவது கொடுமையான வேலை. கரி மூக்கில் ஏறும், கண்ணில் விழும், வேர்வையோடு சேர்ந்து அரிக்கும். கோகிலாம்பாள் பானை நிறையக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்து, மிளகாய் வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெட்டுக்காரர்களுக்கு அவள் பச்சைத் தண்ணீர் கொடுத்துக்கூட யாரும் பார்த்ததில்லை. ஊற்றிக் கொடுத்தாளே தவிர ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், கூழ் குடித்துவிட்டு, இருசப்பன் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பீடி பற்ற வைத்தான். அந்தத் தீப்பெட்டி பால் கவரில் சுற்றி, சிவப்பு ரப்பர் போட்டிருந்தது. கோகிலாம்பாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். பனியில் நமுத்துப்போகக் கூடாதென்று அவள் தன் கையால் சுற்றி வைத்த தீப்பெட்டி அது. தீக்குப் பயந்து ஓடும்போது வரப்பில் விழுந்திருக்கிறது, முதலில் ஓடி வந்த இவன் எடுத்து மடியில் வைத்திருக்கிறான். நேற்று முழுக்க இவன் அவள் எதிரிலேயே இதில்தான் பற்ற வைத்திருக்கிறான். அவள்தான் தலை நிமிரவில்லை.

"மேஸ்திரி, அது என்னுது" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சிதான் அத்தினி பேர் எதுர்ல பேச்சு வாங்கினியா?"

"வூடு எரிஞ்ச மாதிரி அழுதுகினு கெடந்த. அந்த நேரத்துல இத்தத் தூக்கி நீட்டறது ஒரு மனுசன் பண்ற வேலையா?" என்றான் இருசப்பன். புகையை அவள் பக்கம் போகாமல் திரும்பி விட்டான்.

கோகிலாம்பாள் பானையை அப்படியே வைத்துவிட்டு நேராகக் குழந்தைவேல் வீட்டுக்குப் போனாள். கரண்டுக்காக அவசரப்பட்டதிலிருந்து பீடிப் பழி வரைக்கும் நடந்ததை வெண்ணிலாவின் எதிரிலேயே கொட்டித் தீர்த்தாள். "நான்தான்டா கொளுத்தினேன். என்னாலதான் உன் கரும்பு மண்ணாப்போச்சி. அந்தப் புள்ளைங்க மேல பழியப் போட்டேன். இன்னா வேணாலும் திட்டு" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைவேல் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தான். "பத்து மணிக்குப் பொக பாத்தப்பவே தெரியும்க்கா. போன வருசம் நானும் அதே நேரத்துக்குத்தான் கொளுத்தினேன். அன்னிக்கிக் காத்து லேட்டா வந்திச்சி. அவ்ளோதான் வித்தியாசம்."

 அவள் அழுதாள். கரும்பு எரிந்தபோது அழுததைவிட அதிகமாக அழுதாள், அத்தனையும் நன்றியால். வெண்ணிலா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் கடைசி லோடும் ஆலைக்குப் போய்விட்டது. கூட்டத்தார் பன்னிரண்டு பேர் முன்னாலும் நின்று, "பீடி இல்ல, நான்தான்" என்று கோகிலாம்பாள் ஊரார் காதில் விழச் சொன்னாள். இருசப்பன் தீப்பெட்டியை நீட்டினான். "நீயே வச்சிக்க மேஸ்திரி, எனக்கு வாணாம்" என்றாள்.

வடக்கு மூலையில் மிஞ்சிய நாலு வரிசையை அவள் ஆலைக்கு அனுப்பவில்லை. குழந்தைவேலின் வயலில் அழிந்துபோன விளிம்புக்கு விதைக்கரும்பாகட்டும் என்று வைத்துக்கொண்டாள். அவனுடைய வயலை வெட்டி முடித்த மறுநாள், தானே வெட்டித் தானே கட்டினாள். கட்டு கனத்தது. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள், நிமிர முடியவில்லை. வரப்பின் அந்தப் பக்கம் குழந்தைவேல் நின்றுகொண்டிருந்தான். கிட்டே வரலாமா என்று யோசிக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னாடா பாத்துகினு நிக்கற?" என்றாள் கோகிலாம்பாள். "வந்து ஒரு கை புடிச்சித் தூக்கிவுடு."

அவன் அவளுடைய வரப்பில் ஏறி வந்து தூக்கிவிட்டான்.