கடைசிக் கால் மணி நேரம்

பெர்கன் நகரத்துத் தியேட்டரில் படம் முடிந்த பிறகும் ஆட்கள் எழுந்திருப்பதில்லை. திரையில் பெயர்கள் ஊர்ந்துபோகின்றன. விளக்குப் பிடித்தவர், சோறு கொண்டுவந்தவர் என்று ஒருவர் விடாமல் வருகிறார்கள். இவர்களோ பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கானால் படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே கால் பரபரக்கத் தொடங்கிவிடும். போன மாதம் மாரித் என்னை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரி அவள். கதாநாயகியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பிழைப்பானா மாட்டானா என்ற கட்டம். நான் பையைத் தோளில் மாட்டிக் குடையையும் எடுத்துவிட்டேன். மாரித் பதறிப்போய், உடம்புக்கு முடியவில்லையா என்று காதோரம் கேட்டாள். "பஸ்" என்றேன். வாயில் வந்தது அதுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறதே என்றாள். வெளியே வந்ததும், சோகமான படத்துக்குக் கூட்டிவந்து உன் மனதைப் புண்படுத்திவிட்டேனா என்று மன்னிப்பு வேறு கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ்ஸை அவளுக்கு எப்படி விளக்குவது? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்தில், நானும் என் அக்கா சரசுவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் படம் பார்க்கப் போவோம். அக்கா கொழுந்து பறிப்பவள், நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மத்தியானக் காட்சி இரண்டேகாலுக்கு. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. தமிழ்ப்படம் எந்தக் காலத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது? பஸ்ஸைத் தவறவிட்டால் டவுனில் தங்க ஓர் ஆள் கிடையாது. யுத்தம் நடக்க, அடையாள அட்டையை நீட்டி நீட்டி ராணுவத்துக்கோ போலீசுக்கோ பதில் சொல்லவேண்டிய காலம் அது. ஆகவே ஐந்து மணியடித்ததும், வில்லன் கத்தியை ஓங்கிக்கொண்டிருந்தாலும் சரி, தோட்டத்துச் சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். டவுன்காரர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள். நாங்கள் குனிந்தபடியே வெளியே ஓடுவோம். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்காவது நான் முடிவு பார்த்ததில்லை. முடிவையெல்லாம் பஸ்ஸுக்குள்தான் எழுதினோம். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு கிடைக்கும். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேரும்போது யார் குரல் உரக்க ஒலித்ததோ அவர் சொன்னதே படத்தின் முடிவு.

அந்த முடிவுகள் எவ்வளவு உயர்ந்தவை என்று இங்கே வந்து டிவிடியில் பழைய படங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அநேகம் ஏமாற்றம். நாங்கள் திருத்தி நல்லவனாக்கி அனுப்பிய வில்லனை மலையிலிருந்து தள்ளிக் கொன்றிருக்கிறார்கள், பாவம். நாவல்களிலும் இதே கதைதான். இங்குள்ள நூலகத்தில் தமிழுக்கு ஒரு சின்ன அலுமாரி உண்டு. முந்நூறு பக்கம் வாயைத் திறக்காமல் அழுதுவிட்டு, கடைசிப் பக்கத்தில் மாமியார் காலில் விழும் மருமகள்களை நான் அங்கேதான் சந்தித்தேன். ஒரே ஒருத்தி மட்டும் புருஷனிடம் "சோத்தைப் போட்டுத் தின்னு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். அந்த நாவலை மூன்று முறை வாசித்தேன். தேயிலை மலையில் பாட்டு எடுக்கிறவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. பட்டுப்பாவாடை, இடுப்பில் கூடை, கைக்கு அகப்பட்ட முத்தல் இலையெல்லாம் உள்ளே! தியேட்டரிலேயே அக்காவுக்குப் பொறுக்காது. "அடிப் பாவி, இந்த லட்சணத்துல பறிச்சா ஒனக்கு அரைப்பேருதான்டி!" என்று கத்துவாள். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். எங்கள் வரிசை சிரித்து உருளும்.

ஒரு படம் மட்டும் எங்களுக்குள் முடியவேயில்லை. பெயரைச் சொன்னால் உங்களில் யாராவது சண்டைக்கு வருவீர்கள், வேண்டாம். விதவைத் தாய், ஒரே மகள். மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் தூர நகரத்தில் இருக்கிறான், இன்று ரயிலேறாவிட்டால் எல்லாம் போச்சு. தாய்க்கு நெஞ்சுவலி, மகளிடம் மறைக்கிறாள். ரயில் ஊதுகிறது. மகள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து மணி ஐந்து! பஸ்ஸில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்: "ஏற மாட்டா. பெத்தவள விட்டுட்டு எவ போவா?" எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. "டிக்கெட் எடுத்துட்டு எவளாச்சும் எறங்குவாளா? ஏறுவா." வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. முழுப்படம் பார்த்த டவுன்காரர் எவரிடமும் கேட்கக்கூடாது என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டோம். சண்டையை இழக்க இருவருக்கும் விருப்பமில்லை போலும். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏறுனா என்ன, எறங்குனா என்ன, விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும், படுங்கடி" என்பாள்.

பிறகு பதுளை அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய அண்ணன் நோர்வேயில். முதலில் அவர் போனார், பின்னால் நான். பதுளை ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். அங்கே ரயிலேறுகிறவர் விலகித்தான் போகமுடியும். அம்மா முழங்கால் வலியென்று வழியனுப்ப வரவில்லை. அக்கா வந்தாள். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலோரம் வந்து, "நீ ஏறிட்ட, சரி. படத்துல அவ ஏற மாட்டா, எழுதி வச்சுக்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சண்டை. அம்மாவைப் பற்றி, குளிரைப் பற்றிப் பேசி முடித்ததும் "ஏறுனாளா?" என்று யாராவது ஒருவர் தொடங்குவோம். அந்தப் பெண்ணுக்காக நான் ஏன் அப்படி வாதாடினேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவள் இறங்கிவிட்டால் என் கதி என்ன? இரண்டாயிரத்து மூன்றில் அம்மா இறந்தாள், என்னால் போகமுடியவில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் தோட்டத்தில் மறுநாளே அடக்கம். ஒரு வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா என் அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அடியே, யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. அவ ஏறித்தான் இருப்பா. ஏறாட்டி அவ ஆத்தாளுக்கே பொறுக்காது" என்றாள். பிடிவாதக்காரி எங்கள் அக்கா. அவள் தோற்று நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன். அதற்குப்பின் அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. டிவிடியை நான் தேடவுமில்லை.

தானாகவே வந்து மாட்டிக்கொண்டது. சென்ற சனிக்கிழமை தமிழ்க்கடையில் கறிவேப்பிலை எடுக்கக் குனிந்தால், டிவிடிப் பெட்டியில் அந்த மகளின் அதே முகம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போட்டேன். ரயில் ஊதியது, அவள் காலைப் படியில் வைத்தாள். இறங்கிவிட்டாள்! கொட்டும் மழையில் வீட்டுக்கு ஓடுகிறாள், செத்துக்கொண்டிருந்த தாய் கண்ணைத் திறக்கிறாள். காதலனும் எங்கிருந்தோ வந்து சேருகிறான், அந்த மழையிலும் அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறில்லை. இவ்வளவு மட்டமான முடிவை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்தப் பெண்ணுக்குத் தாயிடம் திரும்பி ஓட வழி இருந்தது, அவள் போனதும் கண்ணைத் திறக்க ஒரு தாயும் இருந்தாள்.

அக்காவுக்கு எடுத்தேன். "படம் பாத்துட்டேன்க்கா. அவ ஏறல."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பருந்து?"

"அம்மா இருக்கையிலயே. மேல் லயத்து டிவில போட்டாங்க. நானும் அம்மாவும் போயிப் பாத்தோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீதானே ஜெயிச்ச! எதுக்கு நான் சொன்னதுதான் சரின்ன? என்மேல பரிதாபமா?"

"பரிதாபமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது நான் சொன்னதில்லடி. அம்மா சொன்னது." "அவ எறங்கி ஓடியாறதப் பாத்து எல்லாரும் மூக்கச் சிந்துறாங்க. அம்மா மட்டும் திட்டுது. 'கூறுகெட்ட கழுத, ஏறிப் போகாம எதுக்குடி எறங்கி வர்ற? நீ வந்துதான் ஒங்காத்தா பொழைக்கணுமா?'ன்னு சத்தமா. மேல் லயமே திரும்பிப் பாக்குது, எனக்கு மானம் போச்சு."

"இத்தன வருசமா ஏன்க்கா சொல்லல?"

"அம்மா சொன்னுச்சுன்னா நீ இன்னும் அழுவ. அதான் நான் சொன்ன மாதிரி சொன்னேன்."

வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. தியேட்டர் வாசலையே மிதிக்காத எங்கள் அம்மா ஒரே ஒரு படத்துக்கு அபிப்பிராயம் சொல்லியிருக்கிறாள். பிறகு டிவிடியைத் திரும்பப் போட்டு, அவள் காலைப் படியில் வைக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். அவர் வேலை முடிந்து வந்தபோதும் அவள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா, டிவி பழுதாப் போச்சோ?" என்றார்.

"இல்லைங்க," என்றேன். "படம் இவ்வளவுதான்."