வளராத பையனின் சட்டை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அவளை இடதுகை அக்கா என்றால்தான் தெரியும். கத்தரிக்கோலும் ஊசியும் அவளுக்கு இடது கையில்தான். கணவன் போன பிறகு ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கியவள், ஏழு பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தாள். எட்டு மெஷின் இருந்தும் வேலைதான் இல்லை. அரசுப் பள்ளிச் சீருடை டெண்டர் மூன்று வருடமாக வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கே போனது. அவர் தந்த சட்டைகள் பள்ளி திறந்த மாதமே அக்குளில் பிரிந்தன. வரிப்பணம் வெளியூருக்குப் போனது, கிழிசல் மட்டும் சந்துக்கு வந்தது.

இந்த வருடம் அரசு விதியை மாற்றியது. உள்ளூர்ச் சங்கங்களும் போட்டியிடலாம். மாதிரிச் சட்டையைப் போட்டியிடுபவரே தைக்க வேண்டும். அதுவரை மூடிய அறைக்குள் பிரித்த, விலையும் மாதிரிச் சட்டையும் வைத்த உறைகளை இனி எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும்.

"நமக்கா குடுப்பாங்க அண்ணி? எல்லாம் உள்ளயே பேசி முடிச்சிருப்பாங்க" என்றாள் நாத்தனார்.

"முடிச்சதைப் பிரிக்கிறதுதானே நம்ம தொழில்! இதுவும் கிடைக்கலேன்னா மெஷினை வித்துட்டு ஆளுக்கொரு வழி பாத்துக்கலாம்."

கல்வி அலுவலகக் கூடத்தில் ஒப்பந்தக்காரரின் உறையை முதலில் பிரித்தார்கள். சட்டை கண்ணில் ஒற்றிக்கொள்வது போல இருந்தது. "தரம்னா இதுதாம்மா" என்று எழுத்தர் அக்காவைப் பார்த்து இளித்தார். நாத்தனாருக்கு முகம் தொங்கிப்போனது.

அக்கா சட்டையை வாங்கி ஒரு பொத்தானைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் நூல் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா? நிமிர்ந்தாள். ஒப்பந்தக்காரரின் மேனேஜர் சட்டென்று முகத்தைத் திருப்பினார். வருடா வருடம் அவள் கடைக்கு வந்து, "பையனுக்கு ஒரு சீருடை, பத்து வயசு அளவு" என்று தைத்து வாங்கிப் போனவர் அவர்தான்!

"சார், பையன் நல்லா இருக்கானா?"

"எந்தப் பையன்? எனக்கு ரெண்டும் பொண்ணும்மா!"

"அப்போ நீங்க எங்கிட்ட சட்டை தைச்சு வாங்குன பையன் மூணு வருஷமா வளராம பத்து வயசுலயே நிக்கிறானே, அவன் யாரு சார்?"

கூடம் கொல்லென்று சிரித்தது. டெண்டரை நடத்திய அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. ஊசியும் நூலும் வரவழைத்து அக்காவை ஒரு பொத்தான் தைக்கச் சொன்னார். அதே எதிர்ச்சுற்று. பிறகு போன வருடங்களின் மாதிரிகள் இருந்த அலமாரியைத் திறக்கச் சொன்னார். சாவி எங்கேயென்று எழுத்தர் கால்மணி நேரம் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. உள்ளே இருந்த பழைய மாதிரிகள் மூன்றிலும் அதே கை.

ஒப்பந்தக்காரரின் விண்ணப்பம் தள்ளுபடியானது. எழுத்தர்மேல் விசாரணை வந்தது. போட்டியில் மீதியிருந்த மாதிரிச் சட்டைகளை இழுத்தும் துவைத்தும் சோதித்துவிட்டு, ஆர்டரை அக்காவின் சங்கத்துக்கே கொடுத்தார்கள். அரசு செலவழித்தது என்னவோ அதே பணம்தான். இந்தத் தடவை அது எட்டு வீட்டு அடுப்பைத் தாண்டி நூல் கடைக்கும் பொத்தான் கடைக்கும் போனது.

துணி லாரி வந்த அன்று சந்துக்குள் நுழைய முடியவில்லை. பெண்கள் துணிக்கட்டுகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். டீக்கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அக்கா, இத்தனை பேருக்கு என் பாய்லர் பத்தாது போலிருக்கே!"

"பெருசா ஒண்ணு வாங்கிப் போடுங்கண்ணே" என்றாள் அவள், தோளிலிருந்த துணிக்கட்டை இறக்காமலே. "அடுத்த வாரம் இன்னும் பன்னண்டு மெஷின் வருது."