கடைக்குத் திரும்பத் திரும்ப வந்த ஓவன்

மரக்காணம் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் தட்சணாமூர்த்திக்கு ஒரு வீம்பு உண்டு. தன் கைபட்டுப் போன சாமான் அதே கோளாறோடு திரும்பி வரக்கூடாது. மிக்சியோ டிவியோ உப்பளத்து மோட்டாரோ, முதலில் கண்ணால் பார்ப்பார், பிறகு மோந்து பார்ப்பார், அதற்கப்புறம்தான் மீட்டரை எடுப்பார். மோந்து பார்க்கும்போது யாரும் பேசக்கூடாது. ஒருமுறை தும்மிய ஆளை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவரின் வீம்பை ஒரு மின்சார ஓவன் வந்து அசைத்துப் பார்த்தது.

உப்பளம் வைத்திருக்கும் ராஜவேல், கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அதைப் பழசாக வாங்கி வந்திருந்தார். ஓவன் வீட்டுக்குள் நுழைந்த அன்றே, மகனின் முதல் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்யப்போவதாக அவர் மனைவி அம்சவல்லி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ராஜவேலின் அக்கா சாமுண்டீஸ்வரி இதைக் கேட்டு அரை நாள் சிரித்தாள்.

“இட்லிய ஒடைக்க சுத்தி தேடுற பொண்ணு, கேக்கு செய்யப் போவுதாம்!”

2005ஆம் வருஷத்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஓவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. யாரும் தொடாமலே ‘கீ, கீ’ என்று கூவியது. கேக் பொத்தானை அமுக்கினால் கோழி சுடும் மேல் எலிமென்ட் கம்பி சிவந்தது. ராஜவேலின் அப்பா செல்லப்பன் ஒவ்வொரு கூவலுக்கும் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

தட்சணாமூர்த்தி ஓவனைக் கடைக்கு வரவழைத்து, அதன் மூளையான கன்ட்ரோல் போர்டைக் கழற்றினார். பொத்தான்களுக்குப் போகும் செப்புக் கோடுகளின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது.

“கடல் காத்துப்பா,” என்றார்.

தின்னரைத் தொட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தார். நூறு வாட் பல்பின் கீழ் காயவைத்தார். மோட்டார் காயிலுக்கு அடிக்கும் வார்னிஷை மேலே ஒரு கை பூசினார். ஓவன் சொன்னபடி கேட்டது. வீட்டுக்குப் போனது. இரண்டே நாளில் மறுபடி கூவியது.

திரும்ப வந்தபோது போர்டிலிருந்த ஒரு ரிலே சுவிட்சை மாற்றி, வார்னிஷை இரண்டு கை பூசினார். அதற்கடுத்த முறை பூசியதில் போர்டு கடலைமிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. கடையில் இருக்கும்வரை ஓவன் பெட்டிப்பாம்பு. வீட்டுக்குப் போனால்தான் ஆட்டம்.

“என்ன மூர்த்தி, ஓவன் இன்னிக்கு கடையில இருக்குதா, இல்ல வூட்டுல இருக்குதா?” என்று பக்கத்து டீக்கடைக்காரர் கேட்க ஆரம்பித்தார்.

நாலாவது தடவை ஓவன் கடைக்கு வந்தபோது, அடுத்த நாள் பிறந்தநாள். சாமுண்டீஸ்வரிக்கு முன்னால் ஓவன் கூவினால், திண்டிவனம் பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேருக்கும் அவள் சொல்லிவிடுவாள். அப்புறம் காயில் கட்ட எவன் வருவான்? இந்த முறை தட்சணாமூர்த்தி ஓவனோடு தானும் போனார். அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஓவனை மேடையில் வைத்ததும் அம்சவல்லி கற்பூரம் காட்டினாள். பிறகு, சிறு குழந்தையளவு கனமுள்ள ஒரு துணி மூட்டையைத் தூக்கி வந்து, ஓவனின் மேல்மூடியில் காற்றுப்போகும் துளைகளின் மேல் பதமாகச் சாய்த்து வைத்தாள்.

“அது என்னம்மா?”

“கல்லுப்புண்ணா. கண்ணு படாம இருக்க. எங்க அளத்துது, மொத தரம்.”

தட்சணாமூர்த்தி எழுந்தார். பார்த்தார். மோந்தார். மழை ஈரத்தைக் குடித்த மூட்டையின் அடி சொதசொதவென்றிருந்தது. ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் துளை வழியே, நேராகப் போர்டு இருக்கும் இடத்துக்கு இறங்கியது.

“என் கடைக்கு வரப்போ இது இல்லியே?”

“திஷ்டி உப்ப அடுத்தவங்க வூட்டுக்கு அனுப்புவாங்களாண்ணா? எடுத்து வச்சிட்டுத்தான் குடுப்போம்.”

“எப்பத்திலேர்ந்து வைக்கிற?”

“மொதல்ல ஒரு பிடிதான் வச்சேன். கெட்டுப்போக கெட்டுப்போக ஏத்திக்கிட்டே வந்தேன்.”

தட்சணாமூர்த்தி மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் வார்னிஷை ஏற்ற, அவள் உப்பை ஏற்ற, போட்டி இத்தனை நாள் நடந்திருக்கிறது. “உப்புத்தண்ணி பட்டா, யாரும் அமுக்காமயே பொத்தான அமுக்குனதா போர்டு நெனச்சிக்கும். இந்த உப்புதாம்மா எல்லாத்தையும் கெடுத்தது,” என்றார்.

வாசல்படியில் நின்ற ராஜவேலுக்கு முகம் சிவந்தது. “ஏம்பா மூர்த்தி, எங்க உப்பயா குத்தம் சொல்ற? இத்தன நாளா கடல் காத்துன்னு சொன்னது யாரு?”

“மூட்டைய எடுத்துட்டா இவரு அக்கா கண்ணு நேரா ஓவன்லதான் வுழும்,” என்றாள் அம்சவல்லி. மூட்டையை விட அவள் தயாராக இல்லை.

தட்சணாமூர்த்தி ஓவனையும் அடுப்படி வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். மின்சாரம் போகிற வழியைப் பார்ப்பதுபோலவே கண்ணேறு வருகிற வழியையும் பார்த்தார்.

“கண்ணு எங்கேர்ந்து வருது? வாசல்லேர்ந்து. அப்ப வர்ற வழியிலயே மறிச்சிடணும். ஓவன் கிட்ட வரவுட்டுட்டு மறிச்சி என்ன பிரயோசனம்?”

அம்சவல்லி யோசித்தாள். பேச்சில் நியாயம் இருப்பதாகப்பட்டது. அவர் போர்டைக் கழுவிக் காயவைத்து மாட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, செல்லப்பனை உட்காரவைத்து, மடியில் உப்பு மூட்டையை வைத்தார்கள்.

சாமுண்டீஸ்வரி வந்தாள். “இன்னாப்பா இது, மடியில?”

“ஓவனுக்குக் காவல்,” என்றார் செல்லப்பன். வேட்டி நனைந்திருந்தது.

உள்ளே கேக் வெந்துகொண்டிருந்தது. திடீரென்று ‘கீ’ என்றது ஓவன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். தட்சணாமூர்த்தியின் கை பிளக்குக்குப் பாய்ந்தது. பாதி வழியில் அவர் கண் எண்களில் பட்டது. வைத்த நேரம் தீர்ந்திருந்தது. வேலை முடிந்துவிட்டதைச் சொல்கிறது! இத்தனை நாள் பழக்கத்தில் அது ஒழுங்காகக் கூவி அவர் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்தார்கள். கேக் பொன்னிறமாக உப்பியிருந்தது. சாமுண்டீஸ்வரி ஒரு துண்டைத் தின்றாள். இன்னொரு துண்டை எடுத்தாள். அம்சவல்லிக்கு அது போதும்.

தட்சணாமூர்த்திக்கு நல்ல பெரிய துண்டாக வந்தது. அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராகச் சிவந்திருந்தது. மோந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் வாயில் போட்டார்.

“எப்பிடி இருக்குதுண்ணா?”

“கீழ் எலிமென்ட் நல்லா இருக்குதும்மா,” என்றார் அவர், வாய் நிறைய.