அண்ணன் உட்கார்ந்தார், என் கல்யாணம் நடந்தது

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரிடம் தியானம் பயின்றவர்களே! இந்த நினைவு மலரில் அழுது வடிந்து எழுதினால் அண்ணனே எழுந்து வந்து கிழித்துப் போடுவார். ஆகவே தங்கை நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது எலவனாசூர்கோட்டையில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பள்ளியை விட்டுவிட்டு லாரியில் ஏறினார். ஜவ்வரிசி மூட்டைகளுடன் வடநாடு போனபோது ஒருமுறை வண்டி பழுதாகி, பக்கத்திலிருந்த புத்த விகாரையில் தங்க நேர்ந்தது. வண்டி சரியான பிறகும் அவருக்குக் கிளம்ப மனமில்லை. ஒருவழியாக மொட்டைத் தலையுடன் ஊர் திரும்பியவரைக் கண்டு அம்மா அலறிவிட்டார்.

"நான் உசுரோட இருக்கறப்ப யாருக்குடா மொட்ட போட்டுக்கினு வந்த?"

"யாருக்கும் இல்லம்மா. தல எவ்ளோ காத்தோட்டமா கீது பாரு!"

அன்று முதல் லாரி ஓட்டாத நேரமெல்லாம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார். எனக்கு நிச்சயம் முடிந்திருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் மாமனார், ரிஷிவந்தியத்துக்காரர். நாளைக்கே இவன் துறவியாகிப் போய்விட்டால் பெண்ணுக்கு அண்ணன் என்று யார் வந்து நிற்பது என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினார். கடைசியில் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பித் தந்துவிடுவதென்று மஞ்சள் பையுடன் புறப்பட்டார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. பஸ் இல்லாமல் நடந்து வந்த மாமனாரைக் கூட்டத்தோடு கூட்டமாகக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். அதே சாலையில் லாரியை நிறுத்திவிட்டு, விழுந்து கிடந்த புளியமரத்தின் பக்கத்தில் அண்ணன் தியானத்தில் இருந்தார். தடியைக் கண்டதும் எல்லோரும் ஓட, இவர் மட்டும் அசையவில்லை. இவன்தான் தலைவன் என்று முடிவுகட்டி முதல் ஆளாக வண்டியில் ஏற்றினார்கள்!

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் அடைத்தார்கள். உள்ளே ஒரே கூச்சல். மானம் போய்விட்டதே என்று மாமனாருக்கு நெஞ்சு படபடத்தது. அண்ணன் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, மூச்ச அடக்காதீங்க. உள்ள வருதா, பாருங்க. வெளிய போவுதா, அதயும் பாருங்க."

"அப்பறம் இன்னா பண்ணணும்?"

"ஒன்னும் பண்ண வேணாங்க. அதான் கஷ்டம்."

மாமனாரின் படபடப்பு தணிந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற காவலர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாராம். அண்ணன் நடத்திய முதல் தியான வகுப்பு அதுதான்.

விடுதலையானதும் மாமனார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பையைப் பார்த்ததுமே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் முட்டியது.

"சம்பந்தியம்மா, தாம்பூலத்த திருப்பிக் குடுக்கத்தான் கெளம்பினேன். உள்ள பசி. வெத்தல பாக்க எல்லாருமா போட்டுத் துப்பிட்டோம். இப்ப திருப்பிக் குடுக்க ஒன்னுமில்லிங்க. கல்யாணத்த நடத்திட வேண்டியதுதான்!" என்றார், வெறும் பையை உதறிக் காட்டி.

அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் விரலில் அண்ணன் மச்சான் மோதிரம் போட்டார். பின்னாளில் கல்வராயன் மலையடிவாரத்தில் கொட்டகை போட்டுத் தியானம் சொல்லிக்கொடுத்தபோது முதல் வரிசையில் என் மாமனார்தான் இருப்பார். மலையில் சாமை விதைக்கிறவர்களும் வந்தார்கள், கள்ளக்குறிச்சி கோர்ட்டு வக்கீல்களும் வந்தார்கள். "கண்ணாடியில பின்னால வர்ற வண்டிய பாப்போம். அதுக்காக பின்னாலயேவா போவோம்? நெனப்பும் அப்டித்தாங்க" என்பதுதான் அவருடைய பாடம்.

கடைசி நாட்களில் கட்டிலருகே அழுதுகொண்டிருந்த என்னிடம், "அழு. அழுவறன்னு தெரிஞ்சிக்கினு அழு" என்றார். இதை எழுதும்போதும் அப்படித்தான் அழுகிறேன், அண்ணா.

அண்ணனை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மலையிலிருந்து தேன் கொண்டுவந்து தந்த அன்பர்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு ஆள் தெரியாமல் அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோன காவலர் ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வாருங்கள். சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு என் வீட்டுக்காரர் கையால் தருவோம். அண்ணன் போட்ட மோதிரம் இன்னும் அந்த விரலில்தான் இருக்கிறது.